டியகோ கார்சியாவில் யார் கால் வைக்கலாம்?

அன்புள்ள செந்திலுக்கு,

போன வாரம் போனில் கேட்டாய்: "அமெரிக்கா எந்த நாட்டைப் பிடித்து ஆள்கிறது சித்தப்பா? அதைப் போய் ஏன் பேரரசு என்கிறீர்கள்?" அப்போது எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அதிலிருந்து அதே நினைப்புதான்.

கன்னியாகுமரியிலிருந்து தெற்கே சுமார் 1,800 கிலோமீட்டர் போனால் டியகோ கார்சியா. சாகோஸ் தீவுக்கூட்டத்தில் பெரியது. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகவும், பிறகு நம் பக்கத்திலிருந்து கூலிகளாகவும் வந்தவர்களின் வாரிசுகள் அங்கே தலைமுறை தலைமுறையாகக் கொப்பரை காயவைத்துப் பிழைத்தார்கள். அமெரிக்கக் கடற்படைக்குத் தளம் போட அந்தத் தீவு வேண்டும், ஆனால் ஆட்கள் இருக்கக் கூடாது. பிரிட்டன் 1965-ல் சாகோஸை அப்போது தன் காலனியாக இருந்த மொரீஷியஸிலிருந்து பிரித்தெடுத்தது. அதற்கு ஈடாக, அமெரிக்காவிடம் வாங்கிய போலாரிஸ் ஏவுகணைக் கணக்கில் 1.4 கோடி டாலர் ரகசியத் தள்ளுபடி கிடைத்தது.

1971-ல் முதலில் நாய்களைக் கொன்றார்கள். வீட்டு நாய்கள், பிள்ளைகளோடு விளையாடிய நாய்கள். கொப்பரை உலர்த்தும் கொட்டகையில் அடைத்து, ராணுவ வண்டிகளின் புகையை உள்ளே விட்டார்கள். அதைப் பார்த்த ஜனங்களுக்கு அடுத்தது தங்கள் முறையோ என்று பயம் வராதா? எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் நெஞ்சு அடைக்கிறது. 1973-க்குள் அத்தனை பேரையும் கப்பலேற்றி மொரீஷியஸிலும் சீஷெல்ஸிலும் இறக்கிவிட்டார்கள். அங்கே ஏக்கத்திலேயே செத்தவர்கள் உண்டு. அந்த ஏக்கத்துக்கு அவர்கள் பாஷையில் 'சாக்ரென்' என்று பெயர்.

அப்புறம் அதே மண்ணில் ஓடுபாதை. ஆப்கானிஸ்தான் மீதும் ஈராக் மீதும் குண்டு போட விமானங்கள் அங்கிருந்தும் கிளம்பின.

2021-ல் கனடா போகப் படகேறிய ஈழத்தமிழர்கள், நடுக்கடலில் தவித்து அங்கே கொண்டுவரப்பட்டார்கள். குழந்தை குட்டியோடு மூன்று வருடம் கூடாரத்தில் கிடந்தார்கள். அவர்கள் வழக்கை 2024 ஜூலையில் அந்தத் தீவிலேயே விசாரிக்க ஏற்பாடு ஆனது. பிரிட்டிஷ் கொடி பறக்கும் மண், விசாரிப்பதும் பிரிட்டிஷ் நீதிபதி. பாதுகாப்புக் காரணம் என்று சொல்லி அமெரிக்கா அவரை வரவிடவில்லை. செப்டம்பரில்தான் விசாரணை நடந்தது. இப்போது சொல், அங்கே ஆள்வது யார்?

2025 மே மாதம் பிரிட்டனும் மொரீஷியஸும் கையெழுத்திட்ட ஒப்பந்தப்படி தீவுகள் மொரீஷியஸுக்குப் போக வேண்டும். டியகோ கார்சியா மட்டும் பிரிட்டனுக்கு 99 வருடக் குத்தகை, தளம் அப்படியே இருக்கும். மற்ற தீவுகளில் குடியேறலாமாம், இதில் கூடாது. 2006-ல் சுமார் நூறு சாகோஸ்காரர்களைச் சில நாளைக்கு மட்டும் கூட்டிப்போய்க் காட்டினார்கள். தாய் தகப்பன் கல்லறைகளைத் துடைத்துப் பூ வைத்துவிட்டு மறுபடி கப்பலேறினார்கள்.

அன்புடன்,
சித்தப்பா