அந்த ஒரு ஊசியையும் எழுதியிருக்கலாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

கருவில் இருக்கும் குழந்தைக்கே வைத்தியம் செய்வது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். லேசர் சிகிச்சை வரை விவரமாக எழுதியவர், வயிற்றுப் பிள்ளைக்கு ரத்தம் ஏற்றுவதை மட்டும் ஒரே வரியில், ஏதோ நேற்று வந்த புதுமை போல முடித்துவிட்டார். 1963-லேயே நியூசிலாந்தில் டாக்டர் லைலி இதைச் செய்துவிட்டார். ஸ்கேன் இல்லாத காலம். எக்ஸ்ரே படத்தை நம்பித்தான் ஊசியை இறக்கினார்.

எங்கள் வீட்டில் நடந்ததால்தான் எனக்கு இவ்வளவும் தெரியும். என் மகளுக்கு பி நெகட்டிவ், மாப்பிள்ளைக்குப் பாசிட்டிவ். முதல் கரு நாலாம் மாதம் கலைந்தது. கடலூரில் ஒரு நர்சிங் ஹோமில் சுத்தம் செய்து மறுநாளே அனுப்பிவிட்டார்கள். நெகட்டிவ் தாயின் ரத்தத்தில் பிள்ளையின் பாசிட்டிவ் ரத்தம் கலந்தால், தாயின் உடம்பு அதை எதிரியாக நினைத்து எதிர்ப்பொருளை உண்டாக்கும். அடுத்து வரும் பாசிட்டிவ் பிள்ளையின் ரத்த அணுக்களை அது அழிக்கும். இதைத் தடுக்க 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி ஊசி போட வேண்டும். போடவில்லை. டிஸ்சார்ஜ் தாள் இன்னும் என் பீரோவில் இருக்கிறது. ரத்த வகைக்கு நேரே நீல மையில் 'பி நெகட்டிவ்' என்று கொட்டை எழுத்து. அதற்குக் கீழே இரும்புச்சத்து மாத்திரை, வலி மாத்திரை, அவ்வளவுதான்.

அடுத்த கர்ப்பத்தில், தாயின் ரத்தத்தில் அந்த எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று பார்க்கும் ஐசிடி டெஸ்ட் பாசிட்டிவ். இனி அந்த ஊசியைப் போட்டும் பிரயோஜனமில்லை என்று சொல்லிப் புதுச்சேரிக்கு அனுப்பினார்கள். அங்கே ஸ்கேனில் குழந்தையின் மூளைக்குப் போகும் குழாயில் ரத்தம் ஓடும் வேகத்தை அளந்தார்கள். ரத்தம் நீர்த்துப்போனால் வேகம் கூடுமாம். (குழம்பைவிட ரசம் வேகமாக ஓடுவது போல என்று நானாகப் புரிந்துகொண்டேன்.) 27-ஆம் வாரத்தில், ஸ்கேனைப் பார்த்தபடியே என் மகளின் வயிற்றில் நீள ஊசியைச் செலுத்தி, தொப்புள்கொடியின் ரத்தக்குழாய்க்குள் ஓ நெகட்டிவ் ரத்தத்தைச் சிறு சிரிஞ்சுகளில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார்கள். வெளியே உட்கார்ந்திருந்த சம்பந்தியம்மா, "இத்தனூண்டு கொடியில ஊசி எப்படிங்க நிக்கும்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எனக்கு மட்டும் என்ன தெரியும்! இப்படி மூன்று முறை. ஒவ்வொரு முறையும் குழந்தையின் துடிப்பு குறையலாம், உடனே ஆபரேஷன் செய்ய வேண்டி வரலாம் என்று எழுதி மாப்பிள்ளையிடம் கையெழுத்து வாங்கினார்கள்.

கட்டுரையாளர் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் அந்த ஆன்டி-டி ஊசி 1968-லேயே வந்துவிட்டது. அடுத்த இதழில் ஒரு சின்னப் பெட்டிச் செய்தியாவது போடுங்கள். நெகட்டிவ் ரத்தமுள்ள பெண்கள் 28-ஆம் வாரத்திலும், பிறந்த குழந்தை பாசிட்டிவ் என்றால் பிரசவத்துக்குப் பிறகும் இதைக் கேட்டு வாங்க வேண்டும். எங்களைப் போல மாசம் போய்க் கரு கலைந்தாலும் சரி, கரு குழாயில் தங்கி ஆபரேஷன் ஆனாலும் சரி, "ஆன்டி-டி போட்டாச்சா?" என்று கேட்காமல் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டக் கூடாது.

பேத்தி நல்லபடியாகப் பிறந்தாள். பிறந்த அன்று டெஸ்டில் ஓ நெகட்டிவ் என்று வந்தது. சம்பந்தியம்மா மிரண்டுபோனார். "அது ரத்தம் கொடுத்தவரோடதும்மா, இவளுக்குச் சொந்த ரத்தம் ஊற இன்னும் சில மாசம் ஆகும்" என்றார் டாக்டரம்மா.

– ஓய்வுபெற்ற ஆசிரியை,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.