‘கே’ வரிசையிலும் ஒருமுறை பாருங்கள்

மதிப்பிற்குரிய அஞ்சல் நிலையப் பொறுப்பாளருக்கும் அவருக்கு மேலுள்ள அதிகாரிகளுக்கும்,

வணக்கம். இந்த மடலின் ஆங்கிலப் படியை உங்கள் கவுன்ட்டரில் ஏற்கெனவே கொடுத்துவிட்டேன். எங்களைப் போல வீட்டை விற்றுவிட்டு, ஆர்.வி. என்னும் வீடுபோன்ற வண்டியில் அமெரிக்காவைச் சுற்றிவரும் தமிழர்களும் படிக்கவேண்டும் என்றுதான் தமிழிலும் எழுதுகிறேன்.

ஜெனரல் டெலிவரி எப்படி நடக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நிலையான முகவரி இல்லாதவருக்கு வரும் தபாலை வழக்கமாக 30 நாள் வரை வைத்திருக்கிறீர்கள். அடையாள அட்டையைக் காட்டி நாங்கள் வாங்கிக்கொள்கிறோம். அதற்குக் கட்டணம்கூடக் கிடையாது. மூன்று வருடமாக அதை நம்பித்தான் நானும் என் கணவரும் ஊர் ஊராகப் போகிறோம். அந்த நன்றி எனக்கு உண்டு.

போன குளிர்காலத்தில் நடந்தது இது. அரிசோனா பாலைவனத்தில், செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை நெடுநாள் தங்க அனுமதி தரும் அரசு நிலத்தில் வண்டியை நிறுத்தியிருந்தோம். எங்கள் மற்ற தபாலெல்லாம், எங்களைப் போன்றவர்களுக்குத் தபாலை வாங்கி அனுப்பும் ஒரு சேவையின் முகவரிக்கு, டெக்சாஸில் உள்ள லிவிங்ஸ்டனுக்குப் போய், அங்கிருந்து மொத்தமாக எங்களுக்கு வரும். அம்மாவின் கடிதம் மட்டும் அப்படிச் சுற்றி வரவேண்டாம் என்று உங்கள் அஞ்சல் நிலைய முகவரியை நேராகவே கொடுத்திருந்தேன்.

அம்மாவுக்கு 84 வயது. கும்பகோணத்தில் அண்ணன் வீட்டில் இருக்கிறார். காது சுத்தமாகக் கேட்காது. போனில் பேச முடியாது. வீடியோவில் வந்தால் நான் பெரிய எழுத்தில் எழுதித் தாளைத் தூக்கிக் காட்டுவேன், அவர் தலையை ஆட்டுவார். மனம்விட்டுப் பேசுவதெல்லாம் கடிதத்தில்தான். வருடா வருடம் கார்த்திகை கடைசியில் ஒரு கடிதம் போடுவார். மார்கழியில் நான் போடவேண்டிய கோலங்கள் அதில் இருக்கும். பென்சிலால் புள்ளி, நீலப் பேனாவால் இழை, ஓரத்தில் எத்தனை புள்ளி எத்தனை வரிசை என்ற கணக்கு. அதைப் பார்த்து வண்டிப் படிக்குக் கீழே மண்ணைத் தட்டிக் கோலம் போடுவேன்.

அந்தக் கடிதத்துக்காக உங்கள் கவுன்ட்டருக்கு மூன்று முறை வந்தேன். கிறிஸ்துமஸுக்கு முன் ஒருமுறை, புத்தாண்டு கழிந்து ஒருமுறை, பொங்கலன்று ஒருமுறை. மூன்று முறையும் ‘எஸ்’ வரிசையில் தேடிவிட்டு ‘இல்லை’ என்றார்கள். என் ஓட்டுநர் உரிமத்தில் கடைசிப் பெயராக இருப்பது என் அப்பாவின் பெயர், அது எஸ்ஸில் தொடங்கும். ஆனால் எங்கள் ஊரில் அப்பா பெயர் இனிஷியலாக முன்னால் வரும். அம்மா உறையில் ‘எஸ்.’ போட்டு அதன் பிறகு என் பெயரை எழுதுவார், அது ‘கே’யில் தொடங்கும். இரண்டாம் முறை வந்தபோதே இதைச் சொல்லி, ‘கே’யிலும் ஒருமுறை பாருங்கள் என்று கேட்டேன். அட்டையில் உள்ள கடைசிப் பெயரில்தான் தேடமுடியும் என்று பதில் வந்தது. மூன்றாம் முறையும் அதே பதில்.

பங்குனியில் அந்த உறை கும்பகோணத்துக்கே திரும்பிப் போனது. அண்ணன் மகன் போட்டோ எடுத்து அனுப்பினான். முகவரியின் மேல் மஞ்சள் ஸ்டிக்கர். மூலையில் பென்சிலால் வட்டமிட்ட ஒரு ‘கே’.

அந்த எழுத்தைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. நான் கவுன்ட்டரில் நின்றபோது கடிதம் சில அடி தூரத்தில் இருந்திருக்கிறது. ஸ்டிக்கரில் இருந்ததை, ‘யாரும் கேட்டு வாங்கவில்லை’ என்று அண்ணன் மகன் அம்மாவுக்கு எழுதிக் காட்டியிருக்கிறான். அவர் கேட்டது ஒன்றுதான்: “அவ வேண்டாம்னுட்டாளா?”

ஐயா, நான் கேட்டேன். மூன்று முறை கேட்டேன்.

கவுன்ட்டரில் இருந்தவர்மேல் எனக்குக் கோபமில்லை. குளிர்காலத்தில் உங்கள் ஊரில் கூட்டம் எப்படிப் பெருகும் என்று தெரியும், வரிசை வாசல்வரை நின்றது. என் கோபம், பக்கத்துப் பெட்டியைத் திறந்து பார்க்கவும் அவருக்கு இடம் கொடுக்காத நடைமுறைமேல்தான். வேறொருவர் கடிதத்தை நான் வாங்கிவிடக்கூடாது, சரி. ஆனால் உறையிலுள்ள எஸ்ஸும் என் பெயரும் இரண்டுமே அந்த அட்டையில் இருக்கின்றனவே. அதை ஒப்பிட்டுப் பார்க்க அரை நிமிடம் போதாதா?

இது எனக்கு மட்டும் வரும் சிக்கலும் கிடையாது. பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்ததால், முதல் பெயர் தெரியாது என்ற பொருளில் ‘எஃப்.என்.யூ.’ என்று விசாவில் அச்சாகி, அதுவே எல்லா அட்டையிலும் தொடரும் தமிழர்கள் இந்த நாட்டில் உண்டு. அவர்கள் பெயரை எந்தப் பெட்டியில் தேடுவீர்கள்? அப்புறம், வீடில்லாமல் வண்டியில் வாழ்வதே ஏதோ குற்றம் என்பதுபோல எல்லா இடத்திலும் ஒரு பார்வை. ஒரு வங்கி, குடியிருக்கும் வீட்டு முகவரி தந்தால்தான் கணக்கு தொடரும் என்றது. இன்னொரு வங்கி அனுப்பிய புது கார்டு, வேறு முகவரிக்கு மாற்றி அனுப்பக்கூடாது என்று உறையிலேயே அச்சிட்டிருந்ததால் வந்தவழியே போய்விட்டது. வரி கட்டுகிறோம், உரிமம் வைத்திருக்கிறோம், ஆனாலும் நாங்கள் எங்கேயும் இல்லாதவர்கள்.

வங்கிகளின் விஷயம் உங்கள் கையில் இல்லை, ஏதோ ஆற்றாமையில் சொல்லிவிட்டேன். ஆனால் அஞ்சல் நிலையத்துக்கு வந்து பெயர் சொல்லித் தபால் வாங்குவது இந்த நாட்டுக்குப் புதிதில்லை. நகரங்களில் வீட்டுக்கே இலவசமாகத் தபால் கொண்டுவந்து கொடுக்கத் தொடங்கியது 1863இல்தான். கிராமத்துப் பண்ணை வீடுகளுக்கு அந்த ஏற்பாடு 1896இல்தான் ஆரம்பமானது. அதற்கு முன் எத்தனையோ பேர் இப்படிக் கவுன்ட்டரில் நின்றுதான் ஊர்க் கடிதம் வாங்கினார்கள். எங்களுக்கென்று புதுச் சலுகை எதுவும் வேண்டாம்.

வேண்டுவது இவ்வளவுதான். ‘இல்லை’ என்று சொல்வதற்கு முன், திருப்பி அனுப்புவதற்கு முன், அட்டையிலுள்ள இரண்டு பெயரின் முதல் எழுத்திலும் தேடிப் பாருங்கள். அதைக் கவுன்ட்டரில் இருப்பவருக்கு ஓர் எழுத்துபூர்வமான விதியாகக் கொடுங்கள்.

பெயரை மாற்றி எழுதச் சொல்லி அம்மாவிடம் கேட்டுப் பார்த்தேன். “அப்பா பேரு முன்னாலதானே வரும்?” என்று பதில் எழுதினார். அதற்குமேல் அவரை வற்புறுத்த எனக்கு மனமில்லை.

நவம்பரில் மறுபடி உங்கள் ஊருக்கு வருகிறோம். திரும்பிப்போன கடிதத்தை அம்மா பிரிக்காமல் வைத்திருக்கிறார். அதை அப்படியே ஒரு புது உறையில் போட்டு அனுப்பப்போகிறாராம். உறையில் முன்னால் ‘எஸ்.’ இருக்கும், பிறகு என் பெயர் இருக்கும். தயவுசெய்து ‘கே’யிலும் ஒருமுறை பாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஊரில் குளிர்காலம் தங்கும் ஒரு பயணி