ரோல் பாருக்கு முதலில் தரை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிரிட்டனின் பழைய ஸ்போர்ட்ஸ் கார்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆவலோடு படித்தேன். அதிலிருந்த, எம்ஜிபி என்னும் திறந்த கூரை ஸ்போர்ட்ஸ் காரின் சிவப்புப் படத்தின் கீழே, இருக்கைகளுக்குப் பின்னால் பளபளக்கும் வளைவுக் குழாயைக் காட்டி, ரோல் பார் (கார் கவிழ்ந்தால் உள்ளிருப்பவர் தலையைக் காக்கும் எஃகு வளைவு) பொருத்தியிருப்பதால் கவலையின்றி ஓட்டலாம் என்று எழுதியிருந்தீர்கள். அந்த ஒரு வரி என்னைத் தூங்கவிடவில்லை.

நான் கோவையில் டிங்கரிங் கற்று, இருபத்தெட்டு ஆண்டுகளாக பர்மிங்காமில் வெல்டிங் வேலை செய்கிறவன். 1962 முதல் 1980 வரை ஆபிங்டனில் தயாரான எம்ஜிபி கார்கள் என் கையில் நிறையவே வந்து போயிருக்கின்றன. சென்ற ஆண்டு ஓர் இளைஞர், ஏற்கெனவே ரோல் பார் பொருத்தியிருந்த காரை வாங்கிக்கொண்டு வந்தார். பாரைப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். பாரோடு சேர்ந்து அடித்தகடும் ஆடியது. கம்பளத்தைத் தூக்கினால், சுமார் ஒரு மில்லிமீட்டர் தகட்டில் நான்கு துளைகள், அவற்றில் போல்ட்டுகள், கீழே ஆளுக்கொரு வாஷர். கார் கவிழ்ந்தால் அந்த பார் தகட்டைக் கிழித்துக்கொண்டு கீழே இறங்கியிருக்கும். அவர் அதை நம்பி மனைவியையும் ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் வந்திருந்தார்.

பந்தயக் கார்களுக்கு சர்வதேச மோட்டார் சங்கமான எஃப்ஐஏ வகுத்த விதி இந்த இடத்தில் தெளிவாக இருக்கிறது. முதன்மை வளைவின் ஒவ்வொரு காலுக்கும் அடியில் குறைந்தது 120 சதுர சென்டிமீட்டர் பரப்பும் 3 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள இரும்புத் தகடு, எம்8 அளவில், அதாவது 8 மில்லிமீட்டர் விட்டத்தில், மூன்று போல்ட்டுகளுக்குக் குறையாமல். சாதாரண வாஷர் ஒன்றின் பரப்பு 5 சதுர சென்டிமீட்டரைக்கூடத் தொடாது. குழாயும் தையலில்லாத கார்பன் எஃகாக, 45 மில்லிமீட்டர் விட்டமும் 2.5 மில்லிமீட்டர் கனமும் உள்ளதாகவோ, 50 விட்டமும் 2 கனமும் உள்ளதாகவோ இருக்க வேண்டும். அழகுக்காக விற்கப்படும் மெருகேற்றிய ஸ்டெயின்லெஸ் வளைவுகளில் பல இதற்குப் பக்கத்தில்கூட வராது. பின்னோக்கிச் சரியும் தாங்கிக் கால்களும் குறுக்காக ஒரு குழாயும் இல்லாத வளைவு, எடை விழுந்ததும் மடங்கிவிடும்.

உயரம் போதுமா என்று பார்க்க ஒரு விளக்குமாற்றுக் கம்பு போதும். பாரின் உச்சியிலிருந்து முன்கண்ணாடிச் சட்டத்தின் உச்சி வரை அதை வைத்து, ஓட்டுநர் சீட்டில் நிமிர்ந்து உட்கார வேண்டும். தலை கம்பை முட்டினால் அந்த பார் அவருக்குப் பயன்படாது. தலை கம்புக்குக் கீழே அடங்கினாலும் நிம்மதி கொள்ளக் கூடாது. எம்ஜிபியின் கண்ணாடிச் சட்டம் அலுமினியம். கவிழும் காரின் எடையைத் தாங்க அது செய்யப்படவில்லை.

இன்னோர் ஆபத்தும் இருக்கிறது. பந்தயத்தில் ஹெல்மெட் அணிகிறார்கள், சாலையில் வெறுந்தலை. பின்னாலிருந்து ஒருவர் மோதினால் தலை நேராகப் போய் அடிபடுவது அந்த எஃகுக் குழாயில்தான். தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றும் மெத்தென்ற நுரையை அதன்மீது சுற்றி வைத்திருப்பவர்களைப் பார்க்கிறேன். விரலால் அழுத்தினாலே எஃகு தட்டுப்படுகிறது! பந்தயத்துக்கென்று சான்று பெற்ற அடர்ந்த நுரை வேண்டும், இருக்கையில் தலைச்சாய்வும் வேண்டும். இவை இரண்டும் இல்லையென்றால் சாலையில் ஓடும் காருக்கு பார் பொருத்த நான் மறுத்துவிடுவேன்.

பக்கவாட்டு மோதலைப் பற்றி உங்கள் கட்டுரை ஒரு சொல்லும் சொல்லவில்லை. எனக்கு அதிக அச்சம் தருவது அதுதான். முன்னால் மோதினால் நீண்ட பானெட் நசுங்கி நேரம் வாங்கித் தரும். பக்கத்தில் தோளுக்கும் கதவின் வெளித்தகட்டுக்கும் இடையே ஒரு சாண் இருந்தால் அதிகம். இன்றைய எஸ்யூவியின் முகப்பு, எம்ஜிபியில் உட்கார்ந்திருப்பவரின் விலாவுக்கு நேராக நிற்கிறது. அமெரிக்காவில் 1973 முதல் கதவின் பக்கவாட்டு வலிமைக்கு விதி வந்தது. பிறகு 1991-இல் வால்வோ தன் 850 காரில், மோதும் விசையைக் கதவோடு நிறுத்தாமல் கதவை ஒட்டி நிற்கும் தூணுக்கும் தரைக்கும் பகிர்ந்துவிடும் அமைப்பைக் கொண்டுவந்தது. பழைய காரில் கதவுக்குள் கம்பி வைக்கிறவர்கள் இந்தப் பகிர்வைத்தான் மறந்துவிடுகிறார்கள். கண்ணாடி இறங்கும் பாதைக்கு வெளியே, வெளித்தகட்டை ஒட்டிக் கம்பி ஓட வேண்டும். அதன் இரு முனைகளும் கீல் பக்கத்துத் தூணின்மீதும் பூட்டுப் பக்கத்துத் தூணின்மீதும் படியும்படி நீண்டு நிற்க வேண்டும். அப்போதுதான் விசை தூணுக்குப் போகும். தூணிலிருந்து அது போய்ச் சேருவது கதவுக்குக் கீழே ஓடும் சில் என்கிற பெட்டிப் பகுதிக்கு. எம்ஜிபி முதலில் துருப்பிடிப்பதே அங்கேதான். உள்ளே துரு தின்ன, வெளியே பட்டி பூசிப் பெயின்ட் அடித்த சில்லுக்கு மேலே எத்தனை கம்பி வைத்தும் என்ன பயன்?

2018 மே மாதம் முதல் பிரிட்டனில், பெரிய மாற்றம் செய்யப்படாத நாற்பது வயது கடந்த கார்களுக்கு ஆண்டுச் சோதனை கட்டாயமில்லை. அதனால் சில்லின் நிலையை யாரும் பார்க்காமலே ஓர் எம்ஜிபி பல ஆண்டுகள் ஓடலாம். உரிமையாளர்கள் தாங்களாகவே சோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். பார் பொருத்தியதைக் காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவிக்க வேண்டும்.

பழைமை கெட்டுவிடும் என்று வருந்தும் நண்பர்களின் மனம் எனக்குப் புரிகிறது. ஆனால் போர்ஷே 1965-இலேயே டார்கா என்ற தன் திறந்த காரில் எஃகு வளைவைக் காட்டிவிட்டது. 1970-இல் வந்த டிரையம்ஃப் ஸ்டாக் என்ற பிரிட்டிஷ் கார் தொழிற்சாலையிலிருந்தே தாங்கு வளைவோடு வந்தது. அந்தக் காலத்துக்கு இது அந்நியமல்ல. போல்ட்டில் நிற்கும் பாரைக் கழற்றினால் மிஞ்சுவது சில துளைகள் மட்டுமே.

அந்த இளைஞரின் காரில் முதலில் இரண்டு சில்லையும் வெட்டியெடுத்துப் புதிதாக வைத்தேன். பிறகுதான் தகடு, பிறகுதான் பார். மூன்று வாரம் ஆயிற்று, அவர் பொறுத்துக்கொண்டார். அடுத்த முறை இப்படியொரு காரின் படத்தை வெளியிடும்போது, அன்புகூர்ந்து கம்பளத்தைத் தூக்கி, பாரின் காலடியையும் படமெடுத்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பர்மிங்காம்