ஏ வாங்காத பிள்ளைகளுக்கும் ஒரு மேசை போடுங்கள்

சுங்கை சிப்புட் வட்டார ஆலய நிர்வாகத்தினருக்கும் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினருக்கும் வணக்கம்.

மலேசியாவின் ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்.பி.எம். முடிவு வந்ததும் நிறைய ஏ எடுத்த பிள்ளைகளுக்கு மாலை போட்டு, ரொக்கப் பரிசு கொடுக்கிறீர்கள். அது தொடரட்டும். நான் கேட்பது அந்த அழைப்பு வராத பிள்ளைகளுக்காக.

என் மகனுக்குப் பத்தொன்பது வயது. பேக்டரியில் ஷிப்டு வேலை. "அடுத்து என்னய்யா செய்யப் போற?" என்றால் "தெரியலம்மா" என்கிறான். சோம்பேறி இல்லை அவன். மோட்டார் சைக்கிள் எஞ்சினைக் கழற்றி மாட்டுவான். அந்தக் கைவேலைக்கும் படிப்பு உண்டு, சான்றிதழ் உண்டு என்று அருகில் உட்கார்ந்து சொல்ல ஆளில்லை.

படிக்க இடமா இல்லை? நம் ஊரிலேயே சமூகக் கல்லூரி இருக்கிறது. ஈப்போவில் 1969 முதல் உங்கு ஒமார் போலிடெக்னிக் இருக்கிறது. மனிதவள அமைச்சின் தொழிற்பயிற்சிக் கழகங்கள் வேறு. தொழில்திறனுக்கான எஸ்.கே.எம். சான்றிதழ் மூன்று நிலை வரை. நான்காம் நிலை டிப்ளோமா, ஐந்தாம் நிலை உயர் டிப்ளோமா. கட்டணத்துக்குத் திறன் மேம்பாட்டு நிதிக் கழகமான பி.டி.பி.கே.யிடம் கடன் கேட்கலாம். மலாய் மொழியில் தேறாமல் எஸ்.பி.எம். சான்றிதழ் கிடைக்காது, 2013 முதல் சரித்திரமும் அப்படியே. அதில் தவறிய பிள்ளை அந்தத் தாளை மட்டும் திரும்ப எழுதலாம். இது தெரியாமல், எல்லாம் முடிந்துபோனது என்று லாரியில் கிளீனராக ஏறிவிடுகிறார்கள் நம் பையன்கள்.

முடிவு வந்த பிறகு சில ஞாயிற்றுக்கிழமைகள் ஆலய மண்டபத்தைத் திறந்துவிடுங்கள். கணினி ஒன்று வையுங்கள், அரசு உயர்கல்விக்கூடங்களில் இடம் கேட்கும் யூ.பி.யூ. விண்ணப்பத்தைப் பிள்ளைகள் அங்கேயே நிரப்பட்டும். பேச்சாளர் வேண்டாம். நம் தோட்டங்களிலிருந்து போய்ப் படித்து இன்று வெல்டராக, வயர்மேனாக, தாதியாக இருப்பவர்களை உட்காரவையுங்கள். என்ன சம்பளம், எவ்வளவு கஷ்டம் என்று அவர்கள் சொன்னால் பிள்ளைகள் நம்புவார்கள். முதலில் பிள்ளை பேசட்டும். பெற்றோர் நாங்கள் பிறகு பேசுகிறோம். இருபது, இருபத்தொன்று வயதானவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வயது போய்விட்டது என்ற கூச்சம் அவர்களுக்குத்தான் அதிகம்.

அறிவிப்பு ஒட்டினால் மட்டும் வரமாட்டார்கள். அமைச்சராக இருந்த இவ்வூர் துன் சம்பந்தன் 1960-இல், பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்கும் தோட்டத் துண்டாடலுக்கு எதிராகக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியபோது, தோட்டம் தோட்டமாகப் போய்த்தான் தொழிலாளர்களைச் சேர்த்தார். நாமும் வீடு தேடிப் போகவேண்டும்.

அழைக்கப் போக, மண்டபம் கூட்ட, தேநீர் கலக்க நாங்கள் சில தாய்மார்கள் வருகிறோம். அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் பேசி எங்களுக்கு ஒரு தேதி சொல்லுங்கள்.

இப்படிக்கு,
சுங்கை சிப்புட் தாய் ஒருத்தி