பச்சையாக மின்னும் செல்கள்

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. மக்காச்சோளக் குருத்தில் மறுபடி படைப்புழு விழுந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய். 2018-ல் பெரம்பலூர்ப் பக்கம் அது முதன்முதலாக இறங்கியபோது நீ போனில் அழுதது இன்னும் என் காதில் இருக்கிறது. அதனால்தான் உன்னிடம் சொல்ல இத்தனை நாள் தயங்கினேன். நான் ஆய்வகத்தில் தினமும் வளர்ப்பது அந்தப் புழுவின் செல்களைத்தான்.

எஸ்எஃப்9 என்று பெயர். 1970-களில் அமெரிக்காவில் படைப்புழுவின் கூட்டுப்புழுச் சூலகத்திலிருந்து எடுத்த செல்கள், அவற்றிலிருந்து 1983-ல் தனியாகப் பிரித்த வம்சம். 27 டிகிரியில் சமர்த்தாக வளரும். நமக்கு வேண்டிய மரபணுவை பாகுலோ வைரஸில் ஏற்றி இந்தச் செல்லுக்குள் விட்டால், அது நமக்கான புரதத்தைச் செய்து தரும். ஃப்ளூபிளாக் என்ற காய்ச்சல் தடுப்பூசி இந்தப் புழுவின் செல்களில்தான் தயாராகிறது. அமெரிக்காவில் 2013-ல் அனுமதி கிடைத்தது.

பாகுலோ வைரஸ் உனக்குத் தெரியாததல்ல. கொண்டைக்கடலையில் காய்ப்புழுவுக்கு என்.பி.வி. என்ற வைரஸ் கரைசல் அடிப்பார்களே, அந்தக் குடும்பம்தான். செத்த புழு செடி நுனியில் தலைகீழாகத் தொங்கும் என்று நீதான் ஒருமுறை காட்டினாய்.

எங்கள் பாடு எல்லாம் ஒரு மில்லி திரவத்தில் உயிருள்ள வைரஸ் எத்தனை என்று கண்டுபிடிப்பதில்தான். குறைவாக விட்டால் தொற்றாத செல்கள் பெருகிக்கொண்டே போகும். ஒவ்வொரு முறையும் அதிகமாக விட்டுப் பெருக்கினால் குறைபட்ட வைரஸ்கள் சேர்ந்து, சரக்கே கெட்டுப்போகும். பழைய முறையில் எண்ணிக்கை தெரிய ஒரு வாரம், சில சமயம் அதற்கும் மேல். அதுவும் செல் கொஞ்சம் உப்பியிருக்கிறதா, உட்கரு பெருத்திருக்கிறதா என்று மைக்ராஸ்கோப்பில் பார்த்துச் சொல்ல வேண்டும். ஒரே தட்டை நானும் என் சக ஊழியரும் பார்த்தால் இரண்டு கணக்கு வரும்.

போன வருஷம் நேரமில்லை என்று பழைய கணக்கை நம்பி வைரஸை விட்டோம். குப்பியில் சுற்றியிருந்த அலுமினியத் தாள் கிழிந்து, வெளிச்சம் பட்டு வைரஸ் பாதி வலுவிழந்திருந்தது யாருக்கும் தெரியாது. ஒரு மாத உழைப்பு போயிற்று. வெயில் ஆகாதென்று நீங்கள் சாயங்காலம் என்.பி.வி. அடிப்பதும் இதே காரணத்துக்குத்தானே.

சரி, இப்போது நல்ல சேதி. வைரஸைச் சீக்கிரம் எண்ண ஹாப்கின்ஸ், எஸ்போசிட்டோ என்ற இருவர் 2009-ல் வெளியிட்ட வழியை எங்கள் ஆய்வகத்திலும் ஆரம்பித்துவிட்டோம். ஜெல்லி மீனிலிருந்து வந்த பச்சை ஒளிப் புரதத்தின் மரபணுவை, எஸ்எஃப்9 செல்லுக்குள்ளேயே நிரந்தரமாகப் பதித்துவிடுகிறார்கள். அதற்கு முன்னால் வைப்பது வைரஸினுடைய பாலிஹெட்ரின் புரொமோட்டர், மரபணுவுக்குப் போட்ட பூட்டு மாதிரி. அந்தப் பூட்டைத் திறக்க வைரஸ் தனக்காகச் செய்துகொள்ளும் என்சைம்தான் வேண்டும், செல்லிடம் அதற்குச் சாவி கிடையாது. அதனால் வைரஸ் நுழையாதவரை செல் இருட்டாகவே இருக்கும். நுழைந்து பெருகினால் பச்சை. எந்த மரபணுவை ஏற்றிய பாகுலோ வைரஸானாலும் சரி, எண்ணுவதற்காக அதில் எந்த மாற்றமும் செய்ய வேண்டாம். எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான்.

96 குழித் தட்டில் வைரஸைப் பத்துப் பத்து மடங்காக நீர்த்து விட்டு, எந்தக் குழி வரை பச்சை தெரிகிறது என்று பார்த்துக் கணக்குப் போட வேண்டியதுதான். மூன்று நாளில் முடிந்துவிடுகிறது. முதல் தட்டை நான் பார்த்தபோது மணி இரவு எட்டு. கறுப்புத் திரையில் ஒரு குழியில் ஒரே ஒரு செல், மாவிளக்குச் சுடர் மாதிரி. பக்கத்திலிருந்தவரும் அதையேதான் எண்ணினார், ஒன்று என்று. தொற்றும் வைரஸ் எவ்வளவு என்றுதான் இது சொல்லும், புரதம் எவ்வளவு வரும் என்று சொல்லாது. அதற்குத் தனிச் சோதனை உண்டு. ஆனாலும் வாரக்கணக்கில் காத்துக்கிடந்தவளுக்கு இது எவ்வளவு பெரிது என்று உனக்குப் புரியும்.

அப்புறம் ஒரு உதவி. இத்தனை வருஷம் இந்தச் செல்களோடு இருந்தும் படைப்புழுவின் கூட்டுப்புழுவை நான் நேரில் பார்த்ததில்லை. சோளத் தூரடியில் மண்ணைக் கிளறும்போது கிடைத்தால், மிதித்துவிடுவதற்கு முன் ஒரு படம் எடுத்து அனுப்பு.

அன்புடன்,
கலா