ஆங்கில ஒப்பீட்டுச் சொற்களும் வன்னி மாணவரும்

ஆசிரியர் அவர்கட்கு,

தரம் 3 முதல் ஆங்கிலம் கற்றுவரும் எமது பிள்ளைகள், சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றும் வயதிலும் ஒப்பீட்டுச் சொற்களில் தடுமாறுவது குறித்து இதனை எழுதுகிறேன். 'குட், பெற்றர், பெஸ்ற்' என்னும் அட்டவணையை அவர்கள் வாய்ப்பாடு போல ஒப்புவிப்பார்கள். ஆனால், இரணைமடு, வவுனிக்குளம் ஆகிய இரண்டு குளங்களையும் ஒப்பிட்டு எழுதச் சொன்னால், 'இரணைமடு இஸ் பிக் தான் வவுனிக்குளம்' என்று எழுதுகிறார்கள்.

இதனைக் கவனயீனம் என்று சிவப்பு மையால் வெட்டிவிடுவது நியாயமன்று. 'வவுனிக்குளத்திலும் பார்க்க இரணைமடு பெரிது' என்று நாம் சொல்லும்போது ஒப்பீடு முழுவதும் 'இலும் பார்க்க' என்பதிலேயே அடங்கிவிடுகிறது, 'பெரிது' மாறுவதில்லை. ஆங்கிலத்தில் 'தான்' (than) என்ற சொல் வந்தாற் போதாது, 'பிக்' என்பதும் 'பிக்கர்' ஆகவேண்டும். இந்த வேறுபாட்டை அட்டவணை காட்டாது. ஆசிரியர்தான் தமிழ் வாக்கியத்தையும் பக்கத்தில் எழுதிக் காட்டவேண்டும்.

இரண்டில் எது பெரிது என்றாலும் ஐந்தில் எது பெரிது என்றாலும் நமக்குச் சொல் ஒன்றே என்பதால், அடுத்த தடுமாற்றம் அங்கே நேர்கிறது. கிளிநொச்சியோடு மட்டும் வைத்துப் பார்த்தால் முல்லைத்தீவு மாவட்டம் 'பிக்கர்'. வட மாகாணத்தின் ஐந்து மாவட்டங்களுள் அதுவே 'பிக்கெஸ்ற்'. யாழ்ப்பாண மாவட்டத்திலிருந்து 1984 இல் பிரிந்த கிளிநொச்சியை, யாழ்ப்பாணத்தோடு ஒப்பிட்டு 'நியூவர்' என்று எழுதச் செய்யலாம். வழமையான யானை, எலிப் படங்களைவிட இவை மனதில் நிற்கும்.

'மோர் பிக்கர்' என்ற பிழைக்கும் மருந்து உண்டு. 'பியூற்றிபுல்' போன்ற நீண்ட சொற்களுக்கு விகுதி ஒட்டாததால் அங்கே 'மோர்' வருகிறது; விகுதி ஏற்ற சொல்லுக்கு அது மிகை. 'மிகவும்' என்பதை நினைத்து எழுதும் 'வெரி பிக்கர்' என்பதும் பிழை. அவ்விடத்துக்கு உரியது 'மச்'. 'தான்' (than) அன்றி 'ரு' (to) ஏற்கும் 'சீனியர்', 'ஜூனியர்' போன்ற விதிவிலக்குகள் பின்னர் வரட்டும்.

தவணைப் பரீட்சை வினாத்தாள்களில், அடைப்புக்குள் தந்த சொல்லை மாற்றி எழுதும் வினாக்களோடு நின்றுவிடாமல், ஊரிலுள்ள இரண்டு பொருள்களை ஒப்பிட்டு முழு வாக்கியங்கள் எழுதும் வினா ஒன்றையேனும் சேர்க்குமாறு ஆங்கில ஆசிரிய ஆலோசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை,
கிளிநொச்சி.