10 விநாடியில் நிற்கும் கோடு

அன்பு நண்பா,

உன் கடிதமும் டேஷ்போர்டு படமும் வந்து சேர்ந்தன. வீட்டில் எல்லோரும் நலம் என்றதில் மகிழ்ச்சி. பணம் செலுத்தும் சர்வீஸின் பி99 (நூற்றில் 99 கோரிக்கைகள் முடிந்துவிடும் நேரம்) இரண்டு மணி நேரமாகச் சரியாக 10 விநாடியில் அசையாமல் நிற்கிறதே, டேட்டாபேஸ் டைம்அவுட்டா என்று கேட்டிருக்கிறாய்.

அந்த 10-ஐ நம்பாதே. அளவீடுகளைச் சேகரிக்கும் ப்ரொமீதியஸின் கோ மொழி நூலகத்தில் நீயாக எல்லை கொடுக்காவிட்டால், கோரிக்கைகளை நேரவாரியாக எண்ணும் ஹிஸ்டோகிராமுக்கு 0.005 விநாடியில் தொடங்கி 10-இல் முடியும் 11 பக்கெட்டுகள் (நேர இடைவெளிகள்)தான் கிடைக்கும். அதைத் தாண்டியதெல்லாம் கடைசி முடிவிலிப் பக்கெட்டில் விழும். பி99 அங்கே போய்விட்டால், மேல் எல்லை இல்லாததால் முந்தைய எல்லையான 10-ஐயே எடுத்துக் காட்டும். உண்மையில் 14 விநாடியும் ஆகியிருக்கலாம், 40-உம் ஆகியிருக்கலாம்.

நடுப் பக்கெட்டிலும் இதே சிக்கல் உண்டு. 5-க்கும் 10-க்கும் இடையில் கோரிக்கைகள் சீராகப் பரவியிருப்பதாக வைத்துக்கொண்டுதான் கணக்கு நடக்கிறது. எல்லாம் 5.2-இல் குவிந்திருந்தாலும் 9 என்று காட்டக்கூடும். வாடிக்கையாளருக்கு நீங்கள் சொன்ன நேரம் 300 மில்லிவிநாடிதானே? இயல்பு எல்லைகளில் 0.25 உண்டு, 0.5 உண்டு, 0.3 இல்லை. அதைச் சேர்த்துவிடு. 300-க்குள் எத்தனை சதவீதம் முடிந்தது என்பது அப்போது ஊகமில்லாத கணக்காகிவிடும். மேலே 20, 30, 60 என்றும் சேர்.

இரண்டாவது படத்தில் 20 பாட்களின் (சர்வீஸின் தனித்தனிப் பிரதிகளின்) பி99-க்குச் சராசரி எடுத்திருக்கிறாய். அந்த எண்ணுக்குப் பொருளே கிடையாது. முதலில் பக்கெட்டுகளைக் கூட்டு, பிறகு பி99 எடு.

வாடிக்கையாளர் எண்ணை அளவீட்டைப் பிரித்துக் காட்டும் லேபிளாகப் போடும் யோசனையை மட்டும் தயவுசெய்து கைவிடு. 40 ஏபிஐ, 5 ஸ்டேட்டஸ், 20 பாட் என்றால் 4,000 சேர்க்கை. இயல்பு எல்லைகளிலேயே ஒவ்வொன்றுக்கும் முடிவிலியோடு 12 பக்கெட், கூட்டுத்தொகை, எண்ணிக்கை என 14 சீரிஸ் (தனித்தனியாகச் சேமிக்கும் எண் வரிசை), ஆக 56,000. ஆயிரம் வாடிக்கையாளர் வந்தால் 5.6 கோடி. கண்காணிக்கிற சர்வரே மெமரி தீர்ந்து படுத்துவிடும். யாருடைய கோரிக்கை என்பது லாகிலும் ட்ரேஸிலும் (ஒரு கோரிக்கை கடந்துவந்த படிகளின் பதிவிலும்) இருக்கட்டும்.

ட்ரேஸில், கோரிக்கை நுழையும்போதே நூற்றுக்கு ஒன்று எடுத்தால் நீ தேடும் மெதுவான கோரிக்கைகளிலும் 99 சதவீதம் போய்விடும். முடிந்தபின் தேர்ந்தெடு: பிழை வந்தவை முழுதும், 2 விநாடி தாண்டியவை முழுதும், மீதியில் 1 சதவீதம். ட்ரேஸ்களைத் திரட்டி அனுப்பும் ஓப்பன்டெலிமெட்ரி கலெக்டர் இதற்கு இயல்பாக 30 விநாடிதான் காத்திருக்கும். 40 விநாடிக் கோரிக்கையின் தாய் ஸ்பான் (ட்ரேஸில் ஒரு படியின் பதிவுதான் ஸ்பான்; முழுக் கோரிக்கைக்கானது தாய்) அதற்குப் பிறகே வந்து சேரும் என்பதால் 60-க்கு மேல் வை. மெமரி அதற்கேற்ப ஏறும். ஒரு ட்ரேஸின் ஸ்பான்கள் எல்லாம் ஒரே கலெக்டருக்குப் போகும்படி ட்ரேஸ் ஐடி பார்த்துப் பிரிக்கும் அடுக்கும் முன்னால் வேண்டும்.

நள்ளிரவில் சிபியு 80 சதவீதத்துக்காக ஆளை எழுப்புவதை நிறுத்துங்கள். 99.9 சதவீதம் பிழையின்றி இயங்கும் இலக்குக்கு, 30 நாளில் பிழைக்கு இடம்தரும் கையிருப்பு 43 நிமிடச் சொச்சம்தான். கடந்த 1 மணி நேரத்திலும் கடந்த 5 நிமிடத்திலும் பிழை 1.44 சதவீதத்தைத் தாண்டினால் எழுப்பு. அனுமதித்த 0.1 சதவீதத்தைப் போல 14.4 மடங்கான அந்த வேகத்தில் கையிருப்பு 50 மணி நேரத்தில் கரைந்துவிடும்.

பக்கெட்டை மாற்றிய மறுநாள் படம் அனுப்பு. டேட்டாபேஸ் கனெக்ஷன் பூலில் (பகிர்ந்து பயன்படுத்தும் இணைப்புகளின் தொகுப்பில்) இணைப்புக்காகக் காத்திருக்கும் நேரத்துக்குத் தனி ஸ்பான் இருக்கிறதா என்றும் பார். எனக்குச் சந்தேகம் அங்கேதான்.

அன்புடன்,
உன் நண்பன்